அறிதுயில் கண்ட கோவாக் குருவானவர்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் மயிலாப்பூரைச் சேர்ந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நம்மைக் காண வந்தார். அறுவை மருத்துவத்துக்குப் பின் இடுப்பில் தங்கிவிட்ட வலி அவரை இரவில் உறங்கவிடவில்லை. அடையாற்றில் மருத்துவர் ஒருவர், மருந்தோடு ஹிப்னாடிச முறையையும் முயன்று பார்க்கலாம் என்றாராம். "சாமி, என் மனத்தை இன்னொருத்தர் கையில் கொடுப்பது பாவமில்லையா?" என்று கேட்டார். நாம் அதிகம் எண்ணிப் பாராமல், "வேண்டாம் அம்மா, விட்டுவிடுங்கள்" என்றோம். அவர் விட்டுவிட்டார், வலி அவரை விடவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று இதுபற்றி நாம் அறிந்திருந்தது மிகக் கொஞ்சம். இளமையில் தியாகராய நகர் நடைபாதைக் கடைகளில் புரட்டிப் பார்த்த 'மனோவசியம்' பற்றிய மலிவு நூல்கள். அட்டையில் கனல் கக்கும் இரு கண்கள். குருமடத்தில் மனிதனின் சுதந்திரச் சித்தம் பற்றிப் பல மாதங்கள் பயின்றோம். இதைப்பற்றி ஒரு வகுப்பும் இல்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான், அந்த அம்மையாரின் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்றறிந்து நாணினோம். அவரும் கோவாக்காரர். 1606-இல் நிறுவப்பட்ட நம் மயிலை மறைமாவட்டம் நெடுங்காலம் கோவாப் பேராயத்தைச் சார்ந்திருந்தது என்பதை எண்ணும்போது, அவர் நமக்கு அயலாரல்லர்.

அவர் பெயர் ஜோசே குஸ்தோதியோ தே ஃபாரியா. 1756 மே 31-இல் கண்டோலிம் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இசைந்தே பிரிந்தனர். தந்தை குருத்துவத்தையும் தாய் கன்னியர் மடத்தையும் நாடினர். பதினைந்தாம் வயதில் தந்தையோடு லிஸ்பனுக்குக் கப்பலேறிய சிறுவன், உரோமையில் இறையியல் பயின்று 1780-இல் குருப்பட்டம் பெற்றார்.

கோவா மக்கள் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். போர்த்துக்கல் அரசியின் முன்னிலையில் மறையுரையாற்ற ஏறிய இளங்குருவுக்கு, அவையைக் கண்டதும் நா எழவில்லையாம். மேடைக்கருகில் இருந்த தந்தை கொங்கணியில் மெல்லச் சொன்னாராம்: இவர்களெல்லாம் வெறும் காய்கறி, நறுக்கித் தள்ளு என்று. அச்சம் அக்கணமே அகன்றது, மறையுரை ஆறாய்ப் பெருகியது என்பார்கள். கதை எவ்வளவு மெய்யோ, ஒரு சொல் உள்ளத்தில் இறங்கி உடலையே மாற்றிவிடும் என்பதுதான் அவர் வாழ்நாள் ஆய்வாக அமைந்தது.

1788-இல் அவர் பாரிஸ் சென்றார். அங்கே மெஸ்மர் என்ற மருத்துவரின் புகழ் அதற்கு முன்பே பரவியிருந்தது. தம் கையிலிருந்து கண்காணாத ஒரு காந்தப் பாய்மம் நோயாளிக்குள் ஓடுவதாக அவர் சொல்லிவந்தார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமர்த்திய குழுவில் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தனர். பாய்மம் ஏதுமில்லை, எல்லாம் கற்பனையின் விளைவே என்று கூறி அவர்கள் கோப்பை மூடிவிட்டார்கள். ஃபாரியா அந்த இடத்தில்தான் தொடங்கினார். கற்பனை இவ்வளவு செய்யுமாயின், அதை ஆராய வேண்டாமா?

1813-இல் பாரிஸின் கிளிஷித் தெருவில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். காந்தக்கோல் இல்லை, கை வீச்சு இல்லை. ஒருவரை வசதியாக அமரச் செய்வார். கண்களை மூடி உறக்கத்தையே நினைக்கச் சொல்வார். பின் "தூங்கு" என்று ஆணையிடுவார். சிலர் உறங்கினர், சிலர் உறங்கவில்லை. உறங்காதவரைக் குறை கூறாமல், இது எல்லாருக்கும் வாய்ப்பதன்று, ஆற்றல் உறங்குபவரிடமே உள்ளது, என்னிடம் ஏதுமில்லை என்றார். நீர்த்த இரத்தம் உடையவரே எளிதில் உறங்குவர் என்றும் எழுதினார், அது பிழை. மையக் கருத்தோ பிழையன்று.

தமக்கு எந்த ஆற்றலும் இல்லை என்று சொல்பவரை எந்த நகரம் மன்னிக்கும்? மெஸ்மரின் சீடர்கள் பகைத்தனர். குருக்களில் சிலர் இது அலகையின் வேலை என்றனர். 1816-இல் பாரிஸ் நாடக மேடையில் அவரைக் கேலிக்கூத்தாக்கினர். 1819-இல் தம் நூல் வெளிவந்த அதே ஆண்டு செப்டம்பர் 20-இல் வறியவராய் இறந்தார். அந்நூலின் முகப்பில் 'இறையியல் முனைவர்' என்பதோடு 'பிராமணர்' என்றும் தம்மைக் குறித்துக்கொண்டார். குருப்பட்டமும் கழுவாத சாதிப் பற்றோ, ஐரோப்பிய இறுமாப்புக்கு எறிந்த பதிலடியோ. இரண்டாவதாயிருக்கட்டும் என்று நம் மனம் விரும்புகிறது.

ஸ்காட்லாந்து மருத்துவர் பிரெய்டு, 1843-இல் உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பரப்பினார். வங்காளத்தில் எஸ்டெயில் என்னும் மருத்துவர் 1845 முதல் இம்முறையில் வலி தெரியாமல் அறுவை செய்தார். ஈதரும் குளோரோஃபார்மும் வந்தபின் அதை மறந்தார்கள். ஃபாரியா தம் நூலில் இட்ட பெயர் 'தெளிந்த உறக்கம்' என்பது. நம் மொழியில் அதற்கு ஈடாக, திருமால் பள்ளிகொண்ட கோலத்தைக் குறிக்கும் 'அறிதுயில்' என்ற அழகிய பழஞ்சொல் இருக்கிறது: அறிவு விழித்திருக்கும் துயில். 'வசியம்' என்னும்போது ஆட்டுவிப்பவன் கண்முன் நிற்கிறான். 'அறிதுயில்' என்னும்போது துயில்பவர் நிற்கிறார். அம்மையாரை அச்சுறுத்தியது முதல் சொல். நம்மையும் அதுவே.

திருச்சபையும் தயங்கித்தான் நடந்தது. 1856-இல் புனித அலுவலகம், ஞானதிருஷ்டி, ஆவியழைப்பு என்று இம்முறையைத் தவறாகப் பயன்படுத்துவதை ஆயர்களுக்கு எழுதிக் கண்டித்தது. 1957 பிப்ரவரி 24-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலி நீக்கும் மருத்துவர்களிடம் பேசுகையில், மருத்துவர் மருத்துவ நோக்கத்தோடும் அறநெறியோடும் கையாளும் ஹிப்னாடிசத்தை ஏற்று, அதை விளையாட்டாக்கலாகாது என்றார். அந்த எச்சரிக்கை இன்றும் வேண்டியதே. வலியையும் சிகிச்சைக்கு முன் எழும் பதற்றத்தையும் குடல் நோய் சிலவற்றையும் தணிக்க அறிதுயில் துணைசெய்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. முற்பிறவியைக் காட்டுகிறேன், மறந்ததை மீட்கிறேன் என்பாரிடம் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். அந்நிலையில் நடவாததும் நடந்ததாக நினைவில் பதியக்கூடும்.

பனாஜியில் ஃபாரியாவுக்கு 1945-இல் நிறுவிய வெண்கலச் சிலையைக் கண்டோம். அங்கி காற்றில் பறக்க, விரிந்த கைகளோடு அவர் நிற்கிறார். கீழே ஒரு பெண் சாய்கிறாள். அழகிய சிலைதான். ஆனால் சிற்பி வடித்தது, கையில் ஆற்றல் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் கைகளை!

ஊர் திரும்பியதும் அம்மையாரின் வீட்டுக்குச் சென்று, முன்பு சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டு, இவ்வளவையும் கூறினோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். "அப்போது தூங்குவதும் நான்தான், எழுந்திருப்பதும் நான்தானா, சாமி?" என்றார். ஆம் என்றோம். உள்ளே போய் மருத்துவரின் பழைய சீட்டைத் தேடத் தொடங்கினார்.