வீதியோரமும் மழைப்பனியும்: சிக்காகோ நகரின் குளிர்கால வாகனத் தரிப்பு விதிகள்

நகர வரலாறு எழுதப்படும்போது கோட்டைகளும் மாளிகைகளும் துறைமுகங்களும் பெறும் இடத்தை வீதியோரம் பெறுவதில்லை. நடைபாதைக்கும் வண்டிகள் ஓடும் தடத்துக்கும் இடைப்பட்ட ஏழெட்டு அடி அகலமான அந்த நிலத்துண்டு யாருக்குரியது என்னும் வினா, வண்டியோட்டுவோருக்கும் நகர நிருவாகத்துக்கும் இடையிலான சில்லறைப் பிணக்காகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், மழைப்பனி பொழியும் நாடுகளில் இவ்வினா உயிராபத்தையும் ஆட்சிமாற்றத்தையும் தொட்டு நின்ற சந்தர்ப்பங்கள் உள. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நகரின் குளிர்கால வாகனத் தரிப்பு விதிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு விதியின் வெற்றி தண்டனையின் கடுமையில் அன்று, விதிக்குக் கட்டுப்பட விரும்புவோனுக்கு அவ்வாறு கட்டுப்படுவதற்கு வழி இருப்பதிலேயே தங்கியுள்ளது என்பது புலனாகும்.

மழைப்பனியை அறியாத வெப்பவலய நாட்டவர்க்கு இதன் அடிப்படையை முதலில் விளக்குதல் பொருத்தமானது. மழைநீர் வடிகால் வழியே தானே ஓடிவிடும்; மழைப்பனியோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். முன்புறத்தில் சாய்வான இரும்புத் தகடு பொருத்திய வண்டிகள் அதனை வீதியின் ஓரத்துக்குத் தள்ளுகின்றன. அவ்வோரத்தில் மோட்டார் வண்டியொன்று நின்றால், பனி தள்ளும் வண்டி அதனை விலகிச் செல்ல நேரும். எஞ்சிய பனி, நின்ற வண்டியைச் சுற்றி மேடாகி, இரவுக் குளிரில் பாறைபோல் இறுகிவிடும். அடுத்து வருபவர் அம்மேட்டுக்கு வெளியே, வீதியின் நடுப்புறமாகத் தமது வண்டியை நிறுத்துவார். இவ்வாறு ஒவ்வொரு பனிப்பொழிவின் பின்னரும் வீதி ஒடுங்கிக்கொண்டே போக, ஈற்றில் தீயணைப்பு வண்டியோ நோயாளர் வண்டியோ நுழைய இயலாத நிலை தோன்றும். ஒருவரின் வசதி ஒரு தெருவின் ஆபத்தாக மாறுவது இவ்விதமே.

சிக்காகோ மக்கள் இதனைப் பேரளவில் அனுபவித்த ஆண்டு 1967 ஆகும். அவ்வாண்டு ஜனவரி 24ஆம் திகதி வெப்பநிலை 65 பாகை பரனைற்று வரை உயர்ந்து, இளவேனில் வந்துவிட்டதோ என எண்ணச் செய்தது. இரு நாட்களின் பின், 26ஆம் திகதி அதிகாலையில் தொடங்கிய பனிப்பொழிவு மறுநாட் காலை வரை நீடித்து 23 அங்குலத்தை எட்டியது. அந்நகரில் ஒரே புயலில் விழுந்த பனியில் இதுவே மிகக்கூடிய அளவாகும். ஏறத்தாழ 50,000 மோட்டார் வண்டிகளும் 800 பஸ்களும் வீதிகளிற் கைவிடப்பட்டன. பனி தள்ளும் வண்டிகள் இருந்தும், அவை செல்லுவதற்கு வழி இருக்கவில்லை. நின்றுபோன வண்டிகளை அகற்றினாலன்றிப் பனியை அகற்ற இயலாது. பனியை அகற்றினாலன்றி வண்டிகளை அகற்ற இயலாது. இந்தச் சிக்கலிலிருந்து நகரம் மீளப் பல நாட்கள் சென்றன. அள்ளிய பனியின் ஒரு பகுதி புகையிரதப் பெட்டிகளில் ஏற்றப்பட்டுத் தென்மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. எனினும், அப்போதைய மேயர் றிச்சட் டேலி அவ்வாண்டு ஏப்ரில் மாதத் தேர்தலில் இலகுவாக வெற்றியீட்டினார். மக்கள் இயற்கையை நொந்தனரேயன்றி நிருவாகத்தை நோகவில்லை எனலாம்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நிலைமை வேறாக அமைந்தது. 1976 டிசெம்பரில் டேலி காலமானபின் மேயர் பதவியை ஏற்றவர் மைக்கல் பிலாண்டிக். 1979ஆம் ஆண்டு பிறந்தபோது விழுந்த பனி தரையில் கிடக்கவே, ஜனவரி 12ஆம் திகதி இரவு முதல் 14ஆம் திகதி வரை மேலும் 20 அங்குலப் பனி அதன்மேல் விழுந்தது. தொடர்ந்து நிலவிய கடுங்குளிரால் அது உருகவுமில்லை. பக்கத் தெருக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன.

புயலின் அளவை மட்டும் கொண்டு நோக்கின் 1967ஆம் ஆண்டுப் புயலே பெரியது. ஆயின், 1979இல் மக்களின் சினத்தைக் கிளறிய காரணிகள் வேறானவை. வீதியோர வண்டிகளைப் பாடசாலைகளினதும் பூங்காக்களினதும் தரிப்பிடங்களுக்குக் கொண்டுசெல்லுமாறும், அவை துப்புரவாக்கப்பட்டுள்ளன என்றும் மேயர் அறிவித்தார். பத்திரிகையாளர் சென்று பார்த்தபோது அவ்விடங்கள் பல பனியால் மூடப்பட்டே கிடந்தன. கட்டளை இருந்தது, அதனை நிறைவேற்றுவதற்கான இடம் இருக்கவில்லை. அதே வேளையில், நெரிசலைக் குறைக்கும் பொருட்டு நகரின் மின்சாரப் புகையிரதங்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலிருந்த சில நிலையங்களில் நில்லாது ஓடின. இன்னலின் சுமை எல்லார்மீதும் ஒருபடித்தாகச் சுமத்தப்படவில்லை என்பது வெளிப்படையாயிற்று.

பெப்ரவரி 27ஆம் திகதி நடைபெற்ற ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஜேன் பேர்ன், 17,000க்குச் சற்றுக் குறைவான மேலதிக வாக்குகளால் பிலாண்டிக்கைத் தோற்கடித்தார். ஏப்ரிலில் அவர் சிக்காகோவின் முதற் பெண் மேயரானார். அத்தோல்விக்குப் பனி ஒன்றே காரணமெனல் மிகையாகும். எனினும், பனியின்றி அம்முடிவு நேர்ந்திருக்குமெனக் கூறுதலும் அரிது.

இவ்விரு புயல்களின் அனுபவமே அந்நகரின் தற்கால விதிகளுக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. அவை இருவகைப்பட்டன. முதலாவது, இன்றியமையாத பெருவீதிகளில் 107 மைல் நீளத்துக்கு, டிசெம்பர் 1 முதல் ஏப்ரில் 1 வரை, நாள்தோறும் அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை, பனி பெய்தாலும் பெய்யாவிடினும் வண்டி தரிக்கலாகாது என்னும் விதி. இரண்டாவது, வேறு 500 மைல் நீளமான முக்கிய வீதிகளில் இரண்டு அங்குலப் பனி விழுந்தால் மட்டுமே நடைமுறைக்கு வரத்தக்க விதி. முதல் விதியை மீறுவோரின் வண்டி இழுத்துச் செல்லப்படும். 2020களின் அறிவித்தல்களின்படி இழுப்புக் கட்டணம் குறைந்தது 150 டொலர். தண்டப்பணம் 60 டொலர். காவற் கட்டணம் நாளொன்றுக்கு 25 டொலர். ஓர் இரவின் மறதிக்கு விலை 235 டொலராகின்றது.

முதல் விதியைப் பற்றிய கருத்து வேறுபாடு நோக்கற்பாலது. பனியின்றி வறண்டு கிடக்கும் இரவிலும் வண்டிகளை இழுத்துச் செல்லுதல் பாதுகாப்புக்காகவா, வருவாய்க்காகவா என்பது கண்டனம் செய்வோரின் கேள்வி. மாறாத நாளும் மாறாத நேரமும் பழக்கத்தை உண்டாக்கும். வானிலை அறிவித்தலை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. புயல் நள்ளிரவிற் சடுதியாக வந்தாலும் பெருவீதிகள் வெறுமையாக இருக்கும் என்பது ஆதரிப்போரின் விடை. இரண்டும் தள்ளத்தக்கன அல்ல. ஆயினும், இவ்விதியின் சுமை யார்மீது விழுகின்றது என்பதும் கருதப்பட வேண்டும். வீட்டின் பின்புறத்தே வண்டிக்கொட்டில் உள்ளவனை இவ்விதி தீண்டாது. பெருவீதியோரத் தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவனும், இரவு வேலை முடித்து விடியுமுன் திரும்பும் தொழிலாளியுமே அதிகாலை மூன்று மணிக்கு இடந்தேடி அலைய வேண்டியவர்கள்.

பக்கத் தெருக்களிலோ மக்கள் தமக்கெனத் தாமே ஒரு வழக்கத்தை ஆக்கிக்கொண்டனர். பனியை அள்ளித் தன் வண்டிக்கு இடம் உண்டாக்கியவன், வெளியே செல்லும்போது பழைய கதிரையொன்றை அங்கு வைத்துச் செல்வான். பிறர் அவ்விடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. சட்டம் இவ்வுரிமையை ஏற்பதில்லை. எனினும், 1989 முதல் 2011 வரை மேயராயிருந்த இளைய டேலி இதற்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசியுள்ளார். விதி சென்றடையாத தெருவில் வழக்காறு அதன் இடத்தை நிரப்புகின்றது என்பதற்கு அக்கதிரை ஓர் அடையாளம்.

பிற நகரங்களுடன் ஒப்பிடுவோர்க்குத் திருத்தத்தின் திசை தெளிவாகும். மினியாபொலிஸ் நகரில் பனி அவசரநிலை மாலை 6 மணிக்குள் அறிவிக்கப்படுகின்றது. இரவு 9 மணிக்கு அது தொடங்குகின்றது. முதலிரவில் பெருவீதிகளின் இருபக்கமும் வெறுமையாக்கப்படும். அப்போது ஏனைய தெருக்களில் வண்டிகளை நிறுத்தலாம். மறுநாட் பகலில் ஏனைய தெருக்களின் இரட்டையெண் வீடுகள் உள்ள பக்கமும், மூன்றாம் நாட் பகலில் ஒற்றையெண் பக்கமும் ஒழிக்கப்படும். ஒரு பக்கம் மூடப்படும்போது வேறோர் இடம் திறந்திருத்தலே இம்முறையின் சிறப்பாகும். கனடாவின் மொன்றியல் நகரில் பனியை அள்ளி ஏற்றுமுன் செம்மஞ்சள் நிற அறிவித்தற் பலகைகள் தெருவில் நாட்டப்படுகின்றன. இழுவை வண்டிகள் சங்கொலி எழுப்பி எச்சரிக்கின்றன. அதன் பின்னரும் நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் அயற்றெருவொன்றுக்கே இழுத்துச் செல்லப்படுகின்றன. அங்கும் தண்டப்பணம் உண்டு. ஆனால், வண்டியை மீட்கத் தொலைவிலுள்ள காவற்றளத்துக்கு ஓட வேண்டிய அலைச்சல் குறைகின்றது.

எனவே, குளிர்காலத் தரிப்பு விதிகளைத் திருத்த முனைவோர் முதலில் வினவ வேண்டியது தண்டப்பணம் எவ்வளவு என்பதன்று. அன்றிரவு வண்டிகள் எங்கே செல்லும்? அவ்விடம் உண்மையில் துப்புரவாக்கப்பட்டுள்ளதா? அறிவித்தல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைகின்றதா? ஏழைத் தெருவும் செல்வர் தெருவும் ஒரே முறையில் துப்புரவாகின்றனவா? 1979இல் பிலாண்டிக் நிருவாகம் இவ்வினாக்களுக்கு விடைகாணாமலே கட்டளையிட்டது; வாக்காளர் அதற்குரிய விடையைப் பெப்ரவரியில் அளித்தனர். இடங்காட்டாது விலகிச் செல்லுமாறு பணிக்கும் அரசு, பனியினும் விரைவாக மக்களின் நம்பிக்கையை உறையச் செய்துவிடும் என்பதே சிக்காகோ வீதியோரம் புகட்டும் பாடமாகும்.