டி.பி. நோயாளிக்குச் சுகர் டெஸ்ட் வந்த கதை

அரசு மருத்துவமனையில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானால், மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது விதி. "இருமலுக்கு வந்தவனுக்கு எதுக்குங்க சுகர் டெஸ்ட்?" என்று நோயாளி கேட்டால் அது நியாயமான கேள்விதான். 2012-க்கு முன்பு அந்தக் கேள்விக்கே இடமில்லை. யாரும் வழக்கமாகப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இந்த இரண்டு நோய்களும் கூட்டாளிகள் என்பது மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும்.

பாரசீக மருத்துவர் இப்னு சீனா பதினோராம் நூற்றாண்டிலேயே, நீரிழிவு முற்றியவர்களுக்குக் காசம் வருவதைக் குறித்து வைத்திருக்கிறார். நம் சித்த மரபில் யூகி முனிவர் மேகநோயை (நீரிழிவை) விவரிக்கையில் காசத்தையும் சேர்த்தே சொல்வதாக, இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. உடம்பு இளைத்து, இருமி இருமிச் சாகும் சர்க்கரை நோயாளியைப் பார்க்க மைக்ராஸ்கோப் தேவையில்லை, கண் இருந்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேதப் பரிசோதனைகள் பெருகியபோது ஐரோப்பிய மருத்துவர்கள் கண்டதும் அதுதான். நீரிழிவுக்காரர்களின் நுரையீரலைத் திறந்தால் காசநோய்ப் புண். கோமாவில் சாகாதவர் காசத்தில் செத்தார் என்பதே அன்றைய நிலை.

1922-இல் டொரன்டோவில் இன்சுலின் மனிதருக்கு முதன்முறையாகப் போடப்பட்டது. சர்க்கரை நோயாளிகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களையும் காசநோய் விடவில்லை என்பதைக் கணக்கெடுத்துக் காட்டியவர், பாஸ்டனில் ஜோஸ்லின் என்ற மருத்துவரின் நீரிழிவு மருத்துவமனையில் பணியாற்றிய ஹோவர்ட் ரூட். 1934-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைதான் இந்தக் கதையின் முதல் திருப்பம். மாசசூசெட்ஸ் பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், நீரிழிவு உள்ள பிள்ளைகளிடம் நுரையீரல் காசநோய் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய்க் கோமா வரை சென்று மீண்டவர்களிடம் காசம் இன்னும் அதிகம். சர்க்கரை ஏற ஏறக் காசத்துக்குக் கதவு திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் அன்று இல்லை. பிறகு பிலடெல்பியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 1952-இல் வெளியான முடிவின்படி அவர்களில் 8.4 சதவீதம் பேருக்குக் காசநோய். மற்றவர்களிடம் அதில் பாதிதான்.

அந்த வருடத்திலேயே காசநோயாளிக்குச் சுகர் டெஸ்ட் நடைமுறைக்கு வந்திருக்கலாம். வரவில்லை. காரணம், ஒரு வெற்றி. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-இல் ஐசோனியாசிட் என்று மருந்துகள் வந்து காசநோயைத் தோற்கடித்துவிட்டதாகப் பணக்கார நாடுகள் நம்பின. நீரிழிவு அவர்களுடைய கவலையாயிற்று, காசநோய் நம்முடைய கவலையாயிற்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று நிரூபித்தது. உலகம் முழுவதும் பின்பற்றிய பெரிய சாதனை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் வழியில் வந்த திட்டங்கள் எல்லாம் சளி, மாத்திரை, மறுபடி சளி என்று எளிமையாகவே அமைந்தன. சர்க்கரை வேறு டாக்டரின் வேலை, வேறு ஓ.பி., வேறு கட்டடம். ஒரே ஆள் இரண்டு வரிசையிலும் நின்றதை இரண்டு பக்கமும் கவனிக்கவில்லை.

இதற்கிடையே இந்தியாவில் நீரிழிவு பரவிக்கொண்டே போனது. காசநோய் குறைய மறுத்தது. ஏன் என்று கணக்குப் போட்டவர்கள் 2007-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: நம் நாட்டு நுரையீரல் காசநோயில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு நீரிழிவு காரணம். அடுத்த ஆண்டு கிறிஸ்டி ஜியோன், மேகன் மர்ரி இருவரும் பல நாடுகளின் 13 ஆய்வுகளை அலசி, நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்றார்கள். 1934-இல் தெரிந்ததுதான், இந்த முறை காதில் விழுந்தது. காதில் விழ எச்.ஐ.வி. ஒரு காரணம். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யும் காசமும் கைகோத்து ஆளைக் கொன்றதைப் பார்த்த பிறகுதான், இரண்டு நோய்களை ஒரே இடத்தில் பார்க்கும் முறை உருவாகியிருந்தது. மலாவியில் அந்தப் பாடத்தைக் கற்ற ஆன்டனி ஹாரிஸ் போன்றவர்கள் அதே அச்சில் நீரிழிவையும் வார்க்கலாம் என்று வலியுறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனமும், காசநோய்க்கு எதிரான சர்வதேச ஒன்றியமும் 2011 ஆகஸ்டில் கூட்டு வழிகாட்டியை வெளியிட்டன.

இந்தியாவில் 2012-இல் சோதனை ஓட்டம் நடந்தது. எட்டுப் பெரிய மருத்துவமனைகள், அறுபதுக்கும் மேற்பட்ட சிறிய மையங்கள். முறை எளிமையானது. முதலில் ஏற்கெனவே சுகர் இருக்கிறதா என்று வாய்மொழியாகக் கேட்பது. இல்லை என்றால், எந்த நேரமானாலும் விரலில் குத்திப் பார்ப்பது. 110-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வெறும் வயிற்றில் மறுபடி ஒரு முறை. அதில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இப்படிப் பார்த்த 8,269 காசநோயாளிகளில் 13 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. வடக்கைவிடத் தெற்கில் இரண்டு மடங்கு. சென்னை, ராயபுரத்தைச் சேர்ந்த விஜய் விசுவநாதன் குழுவினர் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் 25.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இன்னொரு 24.5 சதவீதம் பேர் அதன் வாசற்படியில். ஆக, பாதிப் பேர்! கேரளத்தில் 44 சதவீதம். இந்த எண்களைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் காரணம் சொல்லித் தள்ளிப்போட முடியாது. எல்லாக் காசநோயாளிக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதியாயிற்று. 2017-இல் அதற்குத் தனிக் கையேடும் வந்தது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் நிறைய. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்கள் மந்தமாகின்றன. உடம்பு விழித்துக்கொள்வதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. நீரிழிவும் உள்ள காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் சாவு ஏறக்குறைய இரு மடங்கு, குணமான பிறகு நோய் திரும்புவது சுமார் நாலு மடங்கு. மருந்துகளுக்குள்ளும் மோதல் உண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். நேற்றுவரை கட்டுக்குள் இருந்த சுகர் திடீரென்று ஏறும். ஐசோனியாசிட்டும் நரம்பைத் தொடும், நீரிழிவும் நரம்பைத் தொடும். கால் எரிகிறது என்பவருக்கு பி6 மாத்திரை கொடுக்காமல் விட்டால் அவதிதான். காசநோய்க் காய்ச்சலே சிலருக்குச் சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். அதனால் சிகிச்சை முடியும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

மறுபாதி இன்னும் நொண்டுகிறது. சுகர் கிளினிக்குகளில் காசநோயைத் தேடுவது பெயரளவுக்குத்தான். மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் கூட்டத்தில், இருமலைப் பற்றிக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. எடை குறைந்தாலும் நோயாளியே "சுகர் ஆளை இளைக்க வச்சிருச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். எக்ஸ்ரேயும் ஏமாற்றும். வழக்கமாக நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும் காசநோய், நீரிழிவுக்காரர்களுக்குக் கீழ்ப்பகுதியிலும் தெரியும். நிமோனியா என்று மருந்து ஓடும்.

ஆகவே, வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலோ, டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சளிப் பரிசோதனை கேளுங்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவரிடம், சுகர் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம்.