பெட்டிக்குள் தம்பூரா

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சபாவுக்குப் போனால் மேடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நடுவில் வித்வான். இடப்புறம் பிடில், வலப்புறம் மிருதங்கம். இவர்களையெல்லாம் நாம் பார்க்கிறோம். பார்க்கத்தானே டிக்கெட் வாங்கியிருக்கிறோம்! வித்வானின் முழங்காலுக்கு அருகே, சிறிய டிரான்ஸிஸ்டர் ரேடியோ போல ஒரு பெட்டி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. கச்சேரி தொடங்குமுன் வித்வான் அதன் காதைத் திருகுவார். மங்களம் முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தப் பெட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நம் ஊரில் மின்சாரம் சங்கீதத்துக்குள் நுழைந்த கதையில் எல்லோரும் சினிமாப் பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆசாரம் மிகுந்த கச்சேரி மேடையிலும் அது சந்தடியில்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

பெட்டியின் பெருமையை அறியவேண்டுமானால் முதலில் தம்பூராவின் பெருமையை அறியவேண்டும். நான்கே தந்திகள். ஒன்று பஞ்சமம், இரண்டு ஸாரணி, ஒன்று மந்தர ஷட்ஜம். இதில் என்ன வித்தை இருக்கிறது என்று தோன்றும். வித்தை முழுவதும் குதிரையின் மேல் இருக்கிறது. தந்தி அதன் அகன்ற முதுகில் படிந்து செல்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையில் ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். அதற்கு ஜீவாளி என்று பெயர். நூல் தன் இடத்துக்கு வந்ததும், மொட்டையாக ஒலித்த தந்தி திடீரென்று வண்டு போல ரீங்கரிக்கும். ஜீவன் வந்துவிட்டது என்பார்கள்.

இதைக் காது கொடுத்துக் கேட்ட விஞ்ஞானிகளில் ஒருவர் நம் சி. வி. ராமன். ஒரு தந்தியை அதன் சரிபாதியில் மீட்டினால், அதில் அடங்கிய சில மேல் ஒலிகள் எழக்கூடாது என்பது மேல்நாட்டுப் பௌதிக விதி. வீணையும் தம்பூராவும் அந்த விதியை மதிப்பதில்லை. எழக்கூடாத ஒலிகளும் கணீரென்று எழுகின்றன. குதிரையின் வளைந்த முதுகுதான் காரணம் என்று 1921-ல் ராமன் எழுதினார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மந்தரத் தந்தி நொடிக்கு 120 தடவை அதிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 240, 360, 480, 600 என்ற அதிர்வுகளும் குடியிருக்கின்றன. 240-ம் 480-ம் மேல் ஷட்ஜங்கள், 360 பஞ்சமம், 600 அந்தர காந்தாரம். தம்பூராவில் காந்தாரத் தந்தியே கிடையாது. ஆனாலும் நன்றாகச் சுருதி கூட்டிய தம்பூராவில் காந்தாரம் தானாகக் கேட்கும். யாரும் மீட்டாமல் பிறப்பதால் அதைச் சுயம்பு என்றார்கள். இந்தச் சுயம்புவை ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியுமா என்பதுதான் பின்னால் வந்தவர்களின் கவலை.

முதலில் வந்தது காற்றுப் பெட்டி. ஹார்மோனியத்தின் தம்பி. துருத்தியை அசைத்தால் ரீட் ஒலிக்கும். வீட்டுப் பாட்டு வகுப்புகளுக்கு அதுவே துணை. அண்ணனான ஹார்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. தடை தளர 1971 ஆயிற்று. தம்பியை யாரும் விலக்கவில்லை. ஆனால் அதன் குரலில் ஜீவாளி இல்லை. ஒரே கோடாக இழுத்துக்கொண்டிருக்கும்.

இதற்கிடையில் வெளியுலகில் மின்சாரம் பாடத் தொடங்கியிருந்தது. ருஷ்ய விஞ்ஞானி தெரமின், கையால் தொடாமலே வாசிக்கும் வாத்தியம் ஒன்றை 1920-வாக்கில் செய்தார். அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பையன் தகப்பனாருடன் உட்கார்ந்து அதே வாத்தியத்தை வீட்டில் செய்து பழகினான். 1964-ல் அவர் உருவாக்கிய ஸிந்தஸைஸர் மேல்நாட்டு இசையின் போக்கையே மாற்றியது. அந்த மூக் யந்திரம் ஒன்று 1969-ல் ஆமதாபாத்துக்கு வந்தது. தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் ட்யூடர் என்ற அமெரிக்கர் அதை நிறுவிக் கொடுத்தார். கீதா ஸாராபாய் முதலியோர் அதில் சோதனைகள் செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்துவிட்டது. புதிய ஒலிகளைத் தேடிய முயற்சி அது, தேடியவர்களும் சிலரே.

தெற்கே தேடல் வேறு திசையில் நடந்தது. புதிய ஒலி யாருக்கு வேண்டும்? பழைய ஒலியே கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர். புல்லாங்குழலும் வாசிப்பவர். அவர் தம்பூராவின் ஓசையை மின்சாரத்தால் எழுப்பும் பெட்டியைச் செய்து, 1979 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியின் மகாநாட்டில் கொண்டுவந்து வைத்தார். பழமைக்குப் பேர்போன சபையில், வித்வான்களும் சாஸ்திரம் அறிந்தவர்களும் கூடியிருந்த இடத்தில், இப்படி ஒரு யந்திரம் அறிமுகமானது! அவர் நிறுவிய ராடெல் கம்பெனியின் பெட்டிகள் பிறகு வீடு வீடாகப் புகுந்தன.

யந்திரத்தின் தத்துவம் எளியது. மின்சாரத்தை நொடிக்கு இத்தனை தடவை என்று துடிக்க வைக்கவேண்டும். அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியின் காகிதத்தை அசைக்கும். பஞ்சமம், ஸா, ஸா, மந்தரம் என்று முறை தவறாமல் ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றும் எழும்பித் தேயும்படி அமைக்கவேண்டும். எளிய தத்துவம்தான்; ஆனால் அந்த வண்டின் ரீங்காரம் லேசில் வசப்படுவதில்லை. பிற்காலத்தில் உண்மைத் தம்பூராவின் ஒலியையே பதிவு செய்து சில்லுக்குள் வைத்துவிட்டார்கள். இப்போது கைபேசியிலேயே தம்பூரா கிடைக்கிறது.

இனி என் வீட்டுக் கதை. 1991-ம் வருஷத்துக் கோடை. எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஐந்து குடித்தனங்கள் உள்ள வீடு. என் அத்தை ஒரு வித்வானுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் தம்பூரா மீட்டியவள். பெரிய சம்பாத்தியம் இல்லை. ரயில் செலவு, ஒரு புடவை, கவரில் சிறு தொகை. ஆனால் மேடையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அந்த வித்வான் ஒரு பெட்டி வாங்கினார். முதலில் வெளியூர்க் கச்சேரிகளுக்கு அத்தையை அழைக்கவில்லை. தம்பூராவை ரயிலில் ஏற்றுவது சிரமம் என்றார்கள். பிறகு உள்ளூருக்கும் ஆள் வரவில்லை. யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்க் குடித்தனத்தில் பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் ஒருவன். அவன் தங்கைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். கடையில் பெட்டி வாங்க வசதியில்லை. அதனால் ரிச்சி தெருவுக்குப் போய் ஐ.ஸி., கண்டென்ஸர், ரெஸிஸ்டர் எல்லாம் பொட்டலம் கட்டி வாங்கி வந்தான். ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டுப் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பொருத்தினான். ராத்திரியெல்லாம் ஈயம் பற்றவைக்கும் புகை எங்கள் வீட்டுக்குள் வரும். ஒரு நாள் பெட்டி பாடியது. காலையில் சரியாயிருந்த சுருதி மத்தியானம் ஏறிவிட்டது! கோடை வெயிலில் உள்ளே இருந்த சாமான்கள் சூடேறியதுதான் காரணம். அது அவனுக்குப் புரியவில்லை. ஏறியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தைதான் சொன்னாள்:

"அம்பி, உன் பெட்டி ஏறிடுத்துடா."

"இல்லையே மாமி, நான் ஒண்ணும் தொடலையே?"

அத்தை எழுந்து போய், உறை போட்டிருந்த தம்பூராவை எடுத்து வந்தாள். ஸாரணியை மீட்டி, பெட்டியையும் பக்கத்தில் பாடவிட்டாள். இரண்டு ஒலிகளும் கூடுமிடத்தில் 'உவ்... உவ்...' என்று அலை அடித்தது. "இந்த அலை இருக்கற வரைக்கும் சேரலைன்னு அர்த்தம். அலை நீண்டுண்டே போய் நின்னுதுன்னா சேர்ந்துடுத்து" என்றாள். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இரண்டு அதிர்வுகள் நொடிக்கு ஒன்று வித்தியாசப்பட்டால் நொடிக்கு ஓர் அலை என்பதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தான். காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் இதே வேலை. அவன் திருகாணியைத் திருகுவான், அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் இறக்கு... போதும்... நிறுத்து" என்பாள். தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்ட யந்திரத்துக்கு உட்கார்ந்து சுருதி சேர்த்துக் கொடுத்தாளே, அவளுக்கு மனசு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிற்பாடு ஒரு தடவை கேட்டேன். "பாவம், அந்தக் குழந்தை அபசுருதியிலே பாடலாமோ?" என்றாள். அவளுடைய பதில் அதோடு முடிந்துவிட்டது.

அதே வருஷங்களில் தியாகராய நகரைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் கோடம்பாக்கத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியை இசைக்குப் பயன்படுத்தினார். ஆர். கே. சேகர் 1976-ல் காலமானபின், அவர் வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் பிழைத்தது. அவர் மகன் ஏ. ஆர். ரஹ்மான் 1989-ல் வீட்டுக் கொல்லையிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. அங்கேயும் இதே கேள்விதான் எழுந்தது. ஒரு கீபோர்டு பத்து வயலின்களின் ஒலியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பத்துப் பேர் எங்கே போவார்கள்? கோடம்பாக்கத்தில் அதைப்பற்றிப் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். மயிலாப்பூரில் தம்பூராக்காரர்களுக்காக யாரும் பேசவில்லை. அவர்கள் பேசிப் பழகியவர்களும் அல்லர்.

பெட்டியை நான் நிந்திக்கவில்லை. பலாமரத் தம்பூரா வாங்க முடியாத எத்தனையோ வீடுகளில் அது சுருதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுக்கு மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் பெண் அதை வைத்துக்கொண்டுதான் சாதகம் செய்கிறாள். தனக்குத்தானே பாடிக்கொள்பவருக்கு அது பெரிய உபகாரம்.

ஆனால் மேடையின் கதை வேறு. வித்வானுக்குப் பின்னால் தம்பூரா மீட்டுவது பல சிஷ்யர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. குரு ஒரு ராகத்தை எப்படி எடுக்கிறார், எங்கே தயங்குகிறார், பிடில்காரர் தடுமாறும்போது எப்படிக் கைகொடுக்கிறார் என்பதையெல்லாம் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து கற்றார்கள். பெட்டி நான்கு ஸ்வரங்களைப் பாடுகிறது. அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. இன்றைக்கும் சில வித்வான்கள் பிடிவாதமாகச் சிஷ்யர் கையில் தம்பூராவைக் கொடுத்துப் பின்னால் உட்கார்த்துகிறார்கள். சபாக்காரர்கள் மனசு வைத்து, அந்த ஒரு ஆளின் வண்டிச் சத்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் என்ன?

அத்தைக்குக் கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்கவில்லை. பிஸ்கட் டப்பா அவள் தலைமாட்டில் இருந்தது. பையன் உத்தியோகத்துக்கு வெளிநாடு போகும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலத்தில் நான்தான் அதைப் போட்டுவிடுவேன். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, "ஏறிடுத்து, கொஞ்சம் இறக்கு" என்பாள்.