தந்தத்தில் தீட்டிய முகங்கள்: சென்னையில் சிற்றுருவ ஓவியம்

உள்ளங்கையில் அடங்கும் தந்த வில்லையில் ஒருவரின் முகத்தை நீர்வண்ணத்தால் தீட்டும் கலை, 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உச்சத்தை எட்டியது. அதன் ஒரு கிளை அந்நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலும் தழைத்தது. ‘மினியேச்சர்’ என்ற பெயர் அளவின் சிறுமையால் வந்ததன்று. கையெழுத்துப் படிகளை அழகுபடுத்தப் பயன்பட்ட ‘மினியம்’ என்னும் ஈயச்செந்தூரமே அப்பெயருக்கு மூலம்.

தொடக்கத்தில் இவ்வகை உருவங்கள் பதப்படுத்திய கன்றின் தோலில் தீட்டப்பட்டன. 1700ஐ ஒட்டி வெனிஸைச் சேர்ந்த ரொசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர் தந்தத்துக்கு மாறினார். சில ஆண்டுகளில் பெர்னார்டு லென்ஸ் அதை இங்கிலாந்தில் பரப்பினார். தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, எண்ணெய்ப் பசை நீக்கி, நுரைக்கல் தூளால் தேய்த்தால்தான் வண்ணம் பிடிக்கும். வேல மரப் பிசின் கலந்த நீர்வண்ணத்தை நுனித்தூரிகையால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். கன்னப் பகுதியில் வண்ணம் மிக மெல்லியதாக இருக்கும். அடியிலுள்ள தந்தத்தின் வெண்மையே தோலின் ஒளியாகத் தெரியும். பிறகு கண்ணாடியிட்டுப் பொன் சட்டத்தில் பதிப்பார்கள். சிலவற்றின் பின்புறத்தில் அந்த மனிதரின் தலைமயிரும் பின்னி வைக்கப்பட்டிருக்கும்.

இக்கலை இந்தியாவுக்கு முற்றிலும் புதியதன்று. 1616இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ காட்டிய ஓர் ஆங்கிலச் சிற்றுருவத்தை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஓவியர்கள் படியெடுத்தபோது, விளக்கொளியில் மூலம் எது, படி எது என்று பிரித்தறிய ரோவே தடுமாறினார். தெற்கில் தந்த உருவங்கள் செதுக்கு வேலையாகவே வளர்ந்தன. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருடையதாகக் கருதப்படும் தந்தச் சிற்பத்தை ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

சென்னைக்கு 1769இல் வந்த டில்லி கெட்டிலும், 1774இல் வந்த ஜார்ஜ் வில்லிசனும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவைப் பெரிய எண்ணெய் ஓவியங்களில் தீட்டினார்கள். மதுரைச் சீமை வரை உரிமை கொண்டாடிய அவர், தம் உருவத்தை அரசியல் தூதாகவே கையாண்டார் எனலாம்; லண்டன் வரை அவர் படங்கள் சென்றன. சிற்றுருவத்தின் தேவையோ வேறு. கப்பலில் இங்கிலாந்து போய்ச்சேர ஆறு மாதம் பிடித்த காலம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்ப, கடிதத்தோடு வைக்கத்தக்க முகம் ஒன்றை விரும்பினார்கள்.

அந்தத் தேவையை நிறைவேற்றியவர் ஜான் ஸ்மார்ட் (1741–1811). லண்டனில் வில்லியம் ஷிப்லியின் பள்ளியில் பயின்ற அவர், 1755ஆம் ஆண்டுப் போட்டியில் ரிச்சர்டு காஸ்வேக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். காஸ்வே வேல்ஸ் இளவரசரின் ஓவியராகி, கண்களைப் பெரிதாக்கி, முகங்களைக் கனவுபோலத் தீட்டினார். ஸ்மார்ட் அப்படிச் செய்யவில்லை. நெற்றிச் சுருக்கம், இமைக்கீழ்த் தடிப்பு, மேலங்கியின் பொத்தான் என எதையும் அவர் விடவில்லை. வரலாற்றுச் சான்றாக அவர் படங்களே மேலானவை. 1785இல் சென்னைக்கு வந்து 1795 வரை பத்தாண்டுகள் இங்கே தங்கினார். நவாபையும் அவர் குடும்பத்தினரையும் கம்பெனி அதிகாரிகளையும் தீட்டினார். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், ஓரத்தில் ‘ஜே.எஸ்.’ என்ற முதலெழுத்துகளும் ஆண்டும், அருகே இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் தெரியும். ஊர் திரும்பிய பின் வரைந்தவற்றில் அந்த எழுத்து இல்லை. அதே கலையில் தேர்ந்த அவர் மகனும் சென்னைக்கு வந்து 1809இல் இங்கேயே இறந்தார்.

தஞ்சையில் மராத்திய அரசர் சிவாஜியின் காலத்தில் (1832–1855) உள்ளூர் ஓவியர்களும் தந்தத்தில் உருவப்படம் தீட்டினார்கள். பலகையில் தெய்வ உருவங்களை வரைந்து பழகிய கைகள் அவை. அவர்கள் தங்கள் பெயரைப் படத்தில் எழுதும் வழக்கம் இல்லாததால், இத்துறையின் தமிழகப் பங்கு ஆளில்லாத வரலாறாகவே நிற்கிறது. இது பெரிய இழப்பு. 1839இல் புகைப்படம் அறிமுகமான பிறகு சிற்றுருவத்தின் தேவை வேகமாகக் குறைந்தது.

ஸ்மார்ட்டின் படங்களில் பெரும் தொகுப்பொன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலுள்ள நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழகத்தின் பழைய வீடுகளில் கண்ணாடிக்குள் இத்தகைய தந்த முகம் ஏதேனும் கிடைத்தால், அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. நீர்வண்ணம் என்பதால் ஒரே துடைப்பில் முகம் கரைந்துவிடும்.