சிப்பிப்பாறை நாயை சங்கிலியில் கட்டிப் போட்டால் குணம் கெடும்! வாங்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை

சங்கரன்கோவில்,

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் சுற்றுவட்டார கரிசல் காடுகளில் ஒரு காலத்தில் முயல் வேட்டைக்கு என்றே வளர்க்கப்பட்டது சிப்பிப்பாறை நாய். கரிசல் சீமையில் உள்ள சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரே இந்த நாய்க்கும் வந்து விட்டது. 2018-ம் ஆண்டு வெளியான 'பரியேறும் பெருமாள்' படத்தில் வந்த கருப்பிக்குப் பிறகு, வேட்டை நாய்க்குட்டி மீது இளைஞர்களுக்கு தனி மோகம் பிறந்தது. ஆனால் குணம் தெரியாமல் வாங்கினால் நாய்க்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம்.

எப்படி இருக்கும்?

சுமார் 2 அடி உயரம். கூர்மையான நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீளமான கால்கள், சாட்டை போன்ற வால். செவலை, சாம்பல், சந்தனம் என பல நிறங்களில் உண்டு. உடம்பு கருப்பாகவும், கால்களும் கண்ணுக்கு மேல் பொட்டும் செம்பழுப்பாகவும் இருந்தால் அதை 'கன்னி' என்பார்கள். ராஜபாளையம் நாய் வேறு. அது வெள்ளை நிறம், கனத்த உடம்பு.

சிப்பிப்பாறையின் விலா எலும்பு லேசாக தெரிவது இயல்புதான். 'பட்டினி போட்டிருக்காங்க' என்று நினைத்து கண்டதையும் ஊட்டி கொழுக்க வைத்தால் ஓட்டம் போய்விடும்.

குணம் என்ன?

மோப்பத்தை விட கண்ணை நம்பி வேட்டையாடும் இனம் இது. தூரத்தில் ஒன்று அசைந்தாலே பாய்ந்து விடும். கோழி, ஆட்டுக்குட்டி, பூனை ஓடினாலும் விரட்டும். எனவே குட்டியில் இருந்தே அவற்றோடு பழக்க வேண்டும். ரோட்டோரம் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

சும்மா சும்மா குரைக்காது. வளர்த்தவரிடம் உயிராக இருக்கும். அன்னியர் தொட்டால் ஒதுங்கும். கன்னிக்கு கூச்சம் இன்னும் அதிகம். அடித்துப் பழக்கினால் மிரண்டு போகும்.

வேட்டைக்கு தடை

1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி, நாயை ஏவி முயலை விரட்டுவதும் வேட்டைதான். பிடிபட்டால் அபராதம், ஜெயில் உண்டு. வேட்டைக்கு தடை வந்தாலும் நாயின் ரத்தத்தில் ஊறிய ஓட்டம் போகவில்லை. நாள் முழுக்க கட்டிப் போட்டால் அந்த வேகம் வெறியாக மாறும். கயிற்றை கடிக்கும், மண்ணைத் தோண்டும், வருவோர் போவோர் மீது பாயும். 'கடி நாய்' என்று பெயர் வாங்கி கடைசியில் தெருவில் விடப்படும்.

தினமும் காலை, மாலை வெயில் இல்லாத நேரத்தில் வேலி அடைத்த காட்டில் ஓட விட வேண்டும். இடமோ நேரமோ இல்லாதவர்கள் இந்த இனத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

கவனிக்க வேண்டியது

கிரேஹவுண்டுடன் கலந்த குட்டிகளும் சிப்பிப்பாறை என்ற பெயரில் விற்கப்படுகின்றன. எனவே தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்து வாங்குவது நல்லது. 3 மாதத்தில் வெறிநோய் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.