ஸ்டியரிங் ஏன் நடுங்குது? ஒரு குட்டி சரித்திரம்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர்ல கார் ஓட்டுறவங்க அடிக்கடி சொல்ற புகார் இது. ஊருக்குள்ள வண்டி அருமையா போகும். எண்பதைத் தாண்டினதும் ஸ்டியரிங் கையில நடுங்க ஆரம்பிக்கும். சில வண்டியில நூத்திப் பத்துக்குப் போனா நடுக்கம் குறைஞ்சுகூடப் போயிடும். "அலைன்மென்ட் பண்ணியாச்சுங்க, அப்பவும் ஆடுது" என்பது அடுத்த வரி.

இந்த நடுக்கத்துக்கு நூறு வருஷ சரித்திரம் இருக்கு. அது தெரிஞ்சா, மெக்கானிக் சொல்றதுல எதை நம்பலாம், எதுக்குப் பணம் கொடுக்கக் கூடாதுன்னு பாதி புரிஞ்சிடும். அதான் இந்தப் பதிவு.

1920களுக்கு முன்னால கார் டயர்கள் ஒல்லியா, காத்து கெட்டியா அடிச்சு, கல்லு மாதிரி இருக்கும். 1923-ல் அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயரைக் கொண்டுவந்தது. குண்டான டயர், காத்து கம்மி, பயணம் சுகம். கூடவே முன் சக்கரத்துக்கும் பிரேக் வந்து, முன்பக்க எடை ஏறிச்சு. சுகத்தோட ஒரு பேயும் வந்து ஏறிக்கிச்சு. ஒரு குறிப்பிட்ட வேகத்துல முன் சக்கரங்கள் இடமும் வலமுமா வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது. அப்ப பிரபலமா இருந்த ஒரு நடனத்தோட பேரையே இதுக்கும் வச்சாங்க: ஷிம்மி.

காரணம் நம்ம பம்பரத்துல இருக்கு. சுத்துற பம்பரத்தை ஒரு பக்கம் சாய்ச்சா அது வேற பக்கம் திரும்பும். அன்னிக்கு ரெண்டு முன் சக்கரமும் ஒரே இரும்பு அச்சுல இருந்துச்சு. ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா ரெண்டும் சேர்ந்து சாயும், சாய்ஞ்சதும் திரும்பும், திரும்பினா ஸ்டியரிங்கை உதறும். ரோல்ஸ்ராய்ஸ்ல இருந்து 1930-ல் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி மாதிரி இன்ஜினியர்கள் இதோட மல்லுக்கட்டினாங்க. கடைசியில அச்சையே தூக்கிட்டு, ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தாங்க. 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல அது வந்துடுச்சு.

இந்தக் கதை நம்ம தாம்பரம் பக்கமும் வருது. வண்டலூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவோட தொழிற்சாலை இருந்துச்சு. 1961-ல் அங்கிருந்து வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். அந்தக் காலத்துக்கு ரொம்ப நவீனம். ஆனா முன்பக்கத்துல ட்ரன்னியன்னு ஒரு பித்தளை ஜாயின்ட் உண்டு. அதுக்கு கிரீஸ் ஆகாது, கெட்டி கியர் ஆயில்தான் விடணும். விடாம ஓட்டினா உள்ள துரு ஏறித் தேயும். முத்திப்போனா உடைஞ்சு சக்கரமே மடங்கிடும். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. எண்பதுகளோட கடைசியில கார் தயாரிப்பே நின்னுபோச்சு.

ஆக, கார் இருந்துச்சு, நோயும் இருந்துச்சு. இல்லாதது வேகம். குண்டும் குழியுமான குறுகல் ரோட்டுல தொண்ணூறைப் பிடிச்சு நிலையா ஓட்ட எத்தனை பேரால முடிஞ்சிருக்கும்? 2002-ல் ஈசிஆர் மேம்படுத்தப்பட்டு டோல் ரோடா ஆச்சு. அதே காலத்துல தங்க நாற்கரச் சாலையும் வளர்ந்துச்சு. அறுபதுல வெளியே தெரியாம இருந்த குறை எல்லாம் தொண்ணூறுல பேச ஆரம்பிச்சுது.

ஏன் தொண்ணூறு? ஒரு சின்னக் கணக்கு. பதிமூணு இஞ்ச் ரிம் உள்ள சின்னக் கார் டயரோட சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர்னா விநாடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் விநாடிக்கு சுமார் 14 தடவை சுத்துது. ரிம் ஓரத்துல 20 கிராம் எடை கூடுதலா இருந்தா, அந்த வேகத்துல அது கிட்டத்தட்ட இரண்டரை கிலோ பலத்தோட இழுக்கும். 45-ல் போனா அதுல நாலுல ஒரு பங்குதான். இன்னொண்ணு, ஊஞ்சலுக்குன்னு ஒரு தாளம் இருக்கிற மாதிரி சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கும் ஒரு இயல்பான தாளம் உண்டு. பல கார்கள்ல அது விநாடிக்கு 10 முதல் 15 வரை. ரெண்டு தாளமும் பொருந்தினா ஆட்டம் உச்சம், தாண்டிட்டா குறையும். நூத்திப் பத்துல நடுக்கம் குறையற மர்மம் இதுதான். குறைஞ்சதால குறை சரியாயிடலை!

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். எப்ப ஆடுதுன்னு கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

1. குறிப்பிட்ட வேகத்துல மட்டும் ஆடினா, முதல் சந்தேகம் வீல் பேலன்சிங். ஒட்டின எடை கழண்டு விழுந்திருக்கலாம், ரிம் உள்பக்கம் சேறு காய்ஞ்சிருக்கலாம். முன் சக்கரம்னா ஸ்டியரிங்ல தெரியும், பின் சக்கரம்னா பெரும்பாலும் சீட்டுல தெரியும்.

2. பேலன்சிங் பண்ணியும் போகலையா? முன் சக்கரத்தைப் பின்னாடி மாத்திப் பாருங்க. நடுக்கம் சீட்டுக்கு மாறினா கோளாறு சக்கரத்துலதான். ரிம் வளைஞ்சிருக்கும், இல்ல டயர் வீங்கியிருக்கும்.

3. பிரேக் போட்டா மட்டும் ஆடினா முன் டிஸ்க்கைப் பாருங்க.

4. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும்னா, முன்சக்கர டிரைவ் வண்டியில டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட்.

5. பள்ளத்துல இறங்கும்போது 'டக் டக்'னு சத்தமும் சேர்ந்து வந்தா, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. இடம் வலமா ஆடினா டை ராட் எண்ட், மேல கீழ ஆடினா பால் ஜாயின்ட், எப்படிப் பிடிச்சாலும் ஆடினா வீல் பேரிங்.

அலைன்மென்ட் இந்தப் பட்டியல்ல ஏன் இல்லை? அது கெட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். நடுக்கத்துக்கு அது நேரடிக் காரணமா இருக்கிறது அபூர்வம். ஆனா பல கடையில முதல்ல பில் போடுறது அதுக்குத்தான் :-)

பேலன்சிங் கொஞ்சம் கெட்டிருந்தா உடனே உயிர் போகாது, டயர் ஆயுசு குறையும். ஆனா தேய்ஞ்ச டை ராட் எண்டும் வீங்கின டயரும் அப்படி இல்லை. தொண்ணூறுல கழண்டாலோ வெடிச்சாலோ ஸ்டியரிங்கைத் திருப்பியும் பிரயோஜனம் இருக்காது. கையில தெரியற நடுக்கம் மட்டும் வச்சு ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால நேத்து வரைக்கும் இல்லாத ஆட்டம் இன்னிக்குத் திடீர்னு வந்தா, குறிப்பா சக்கரம் மாத்தின மறுநாள் வந்தா, ஓரங்கட்டி முதல்ல வீல் நட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க. கோவளம் சர்ச், மாமல்லபுரம் கோயில் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். பத்து நிமிஷம் லேட்டா போய்ப் பார்த்துக்கலாம்.