தலாக்கிற்குப் பிறகு மனைவியின் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்?

ரிக் வண்டித் தொழிலும் விசைத்தறியும் நிறைந்த திருச்செங்கோடு பகுதியில், பல குடும்பங்களின் மருத்துவக் காப்பீடு கணவரின் பெயரையோ அவரது வேலையையோ நம்பியே இருக்கிறது. மண வாழ்வு முறிந்து ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசும்போது மஹர், நகை, சீர்ப்பொருள், பிள்ளைகள் என எல்லாம் பேசப்படுகின்றன. காப்பீட்டு அட்டை மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அறுவை சிகிச்சைக்குப் போய் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மீட்டிக்கொள்ளக்கூடிய தலாக் சொல்லப்பட்டால், இத்தா முடியும்வரை அவர் மனைவியே. கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை இத்தா நீளும். அந்தக் காலத்தில் காப்பீட்டிலிருந்து அவரது பெயரை எடுக்க அவசரப்படுவதில் நியாயம் இல்லை. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. அதைக் காரணம் காட்டிப் பெயரை நீக்கவும் முடியாது.

அடுத்து ஆவணம். பல குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். காஜி தரும் தலாக் சான்று வெறும் கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட வலு இல்லை என்று பதர் சயீத் தொடர்ந்த வழக்கில் 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் குலாவுக்குத் தரும் சான்றும் செல்லாது என்று 2023இல் தீர்ப்பு வந்தது. தலாக்கை மனைவி மறுத்தால், கணவர் நீதிமன்றத்தில் அறிவிப்புப் பெறும்வரை திருமணம் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்று மதுரைக் கிளை 2024இல் கூறியது. எனவே ஜமாஅத்தில் முடிந்தாலும், குடும்ப நல வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பெற்று வைப்பது பெண்ணுக்கே நல்லது. பிற்பாடு ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை வைத்து இயங்குகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. பயனாளி பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. தாய்வீடு திரும்பிய பெண் தந்தையின் அட்டையில் சேர்வதைவிட, பிள்ளைகளோடு தனி அட்டை வாங்குவதே மேல் என்பது நம் கருத்து. தனி அட்டை என்றால் அந்த 5 லட்சமும் அவருக்கும் பிள்ளைகளுக்குமே. முதலில் திருச்செங்கோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கம், பிறகு புதிய அட்டை. அதன்பின் வருமானச் சான்றோடு நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். விவாகரத்து ஆகாமல் கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தால், கைவிடப்பட்ட பெண் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இ.எஸ்.ஐ.யில் நிலைமை வேறு. 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குவோருக்கான அந்தத் திட்டத்தில் 'குடும்பம்' என்பதில் வாழ்க்கைத்துணை அடக்கம். முன்னாள் துணைக்கு இடமில்லை. ஆனால் தந்தையின் ஆதரவில் உள்ள பிள்ளைகளின் உரிமை, தாய் தந்தை பிரிந்ததால் போய்விடுவதில்லை. அந்தப் பெண் தானே இ.எஸ்.ஐ. பிடிக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தால் அவர் பெயரிலேயே காப்பு கிடைக்கும். 10 பேருக்குக் குறைவான தறிப் பட்டறைகளில் இது பொதுவாக இருக்காது.

தனியார் நிறுவனங்களின் குடும்ப பாலிசி கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இங்கே போகவில்லை. எடுத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது புதுப்பிக்கும் தேதியை. பழைய பாலிசியை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இன்றைய விதிப்படி அது அதிகபட்சம் 3 ஆண்டு. அதே நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறினாலோ, வேறு நிறுவனத்துக்கு முறைப்படி மாற்றினாலோ, ஏற்கெனவே கழித்த ஆண்டுகள் கணக்கில் வரும். வேறு நிறுவனம் என்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு. பாலிசி நகல், பழைய மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள்கள் ஆகியவற்றைப் பிரியும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

இனி செலவு யார் பொறுப்பு? 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம், இத்தா காலத்துக்குள் 'நியாயமான' ஏற்பாட்டைக் கணவர் செய்ய வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாடு இத்தாவுக்கு மட்டுமல்ல, பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்துத்தான் என்று டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மருத்துவச் செலவையும் அதில் கேட்க இடம் இருக்கிறது. ஜமாஅத்தில் ஒப்பந்தம் எழுதும்போது சில ஆண்டுகளுக்கான பிரீமியத்தையோ ஒரு மொத்தத் தொகையையோ தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பொதுவான ஜீவனாம்ச வழக்குப் போடும் வழியும் முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தாவுக்குப் பிறகு மறுமணம் செய்யாமல், தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பெண்ணுக்கு, உறவினர்களுக்கும் வசதி இல்லையென்றால், பொறுப்பு வக்ஃப் வாரியத்துக்கு. தமிழ்நாடு வக்ஃப் வாரியமே தொடர்ந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஒவ்வொரு உறவினர் மீதும் தனித்தனியாக வழக்குப் போட்டுத் தோற்றுவிட்டுத்தான் வாரியத்திடம் வர வேண்டும் என்பதில்லை. ஒரே மனுவிலேயே எல்லாவற்றையும் கேட்கலாம்.